அரிசிப் பை கனத்தில் வந்த கணினி

திருவண்ணாமலையில் வளர்ந்த ஒருவர் 1981-ல் சந்தைக்குக் கொண்டுவந்த ‘தூக்கிச் செல்லும் கணினி’, இன்று வேறு உருவில் தமிழ்நாட்டு மாணவர்களின் பைக்குள் இருக்கிறது. கொடுத்தாயிற்று, சரி. அது தொடர்ந்து ஓட என்ன செய்யப்போகிறோம்?

சென்னை கோபாலபுரத்தில் ஒரு மளிகைக் கடை. மாலை ஐந்து மணி. 10 கிலோ பொன்னி அரிசிப் பை ஒன்று, ஒரு கிலோ துவரம் பருப்பு பாக்கெட் ஒன்று. இரண்டையும் கட்டைப்பையில் போட்டு, வலது கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவ்வை சண்முகம் சாலைப் பக்கமிருந்து கதீட்ரல் சாலைக்கு அதிக தூரமில்லை. ஆனாலும் முதல் தெருமுனையிலேயே விரல்கள் சிவந்துவிட்டன. இரண்டாவது முனையில் கை மாற்றினேன். மூன்றாவதில் ஒரு வீட்டுத் திண்ணையில் பையை வைத்துவிட்டு நின்றேன். ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி அருகே வந்து சேர்ந்தபோது தோள்பட்டை வரை வலி ஏறியிருந்தது. அப்போது ஒரு மாணவி, நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்து மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி, செல்போனில் பேசிக்கொண்டே என்னைக் கடந்துபோனார்.

என் கையில் இருந்த கனம் 11 கிலோ. வணிக ரீதியாக வெற்றிபெற்ற முதல் எடுத்துச் செல்லும் கணினியின் எடையும் அதுதான். அதன் பெயர் ஆஸ்போர்ன் 1. அதைத் தயாரித்த நிறுவனத்தை நடத்திய ஆடம் ஆஸ்போர்ன், சிறு வயதில் திருவண்ணாமலையில் சரளமாகத் தமிழ் பேசி வளர்ந்தவர்.

கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது மடிக்கணினிப் பேச்சுதான். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ அவரவர் விருப்பப்படி வழங்கப்படும் என்று தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் சொன்னது. எந்த கம்பெனி, எவ்வளவு ரேம் என்று ஆளுக்கொரு கேள்வி. கொடுத்து ஐந்தாறு வருடம் போனபின் அந்த இயந்திரம் என்னவாகும் என்ற கேள்வி மட்டும் யார் வாயிலும் வரவில்லை. அதற்குப் பதில் தேடும்போது ஆஸ்போர்னின் கதை வழிகாட்டுகிறது.

அருணாசல அடிவாரத்துச் சிறுவன்

ஆடம் ஆஸ்போர்ன் 1939-ல் பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், தாய் போலந்துக்காரர். இரண்டாம் உலகப் போரின்போது தந்தை தாய்லாந்தில் ஜப்பானியரின் காவலில் அடைபட்டிருக்க, தாயும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் அருகில் வாழ்ந்தார்கள். போர் முடிந்து வந்த ஆர்தர், மகரிஷியைப் பற்றி எழுதிய நூல்களால் உலகம் முழுவதும் அறியப்பட்டார். ஆசிரமத்தின் ‘தி மவுண்டன் பாத்’ இதழை 1964-ல் தொடங்கியவரும் அவர்தான்.

ஆடம் கொடைக்கானலில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். 1950-ல் இங்கிலாந்து போனார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பட்டம், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஷெல் நிறுவனத்தில் ரசாயனப் பொறியாளராக வேலை பார்த்தார். கணினி அவருடைய படிப்பல்ல. ஆனால், மைக்ரோபிராசஸர் என்ற புதுச் சில்லு வந்தபோது அதைச் சாதாரண வாசகருக்குப் புரியும்படி எழுத ஆளில்லை என்பதைக் கவனித்தார். எளிய நடையில் புத்தகங்கள் எழுதினார், பதிப்பகம் நடத்தினார். 1979-ல் அந்தப் பதிப்பகத்தை மெக்ரா ஹில் வாங்கிக்கொண்டது.

புரியாததைப் புரியவைப்பது அவருக்குக் கைவந்த தொழில். அடுத்து அவர் செய்த கணினியிலும் அந்தக் குணம் அப்படியே இறங்கியது.

இருக்கைக்கு அடியில் ஒரு அலுவலகம்

1981 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ கணினிக் கண்காட்சியில் ஆஸ்போர்ன் 1 அறிமுகமானது. வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். மூடியிருந்தால் தையல் மெஷின் பெட்டி மாதிரி தெரியும். மூடியைக் கழற்றினால் அதன் உட்புறமே கீபோர்டு. எதிரே நடுவில் ஒரு குட்டித் திரை, இருபுறமும் ஃபிளாப்பி டிரைவ்கள், அவற்றுக்குக் கீழே ஃபிளாப்பிகளைச் செருகி வைக்க இரண்டு பொந்துகள். விமான இருக்கைக்கு அடியில் அடங்க வேண்டும் என்பதுதான் அளவு.

திரை ஐந்தே அங்குலம். ஒரு வரியில் 52 எழுத்துகள்தான் தெரியும். அலுவலகக் கடிதத்தின் ஒரு வரி அதைவிட நீளம். அதனால் வரியின் மறுபாதியைப் பார்க்கத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொள்ளும் வசதியை வைத்தார்கள். ஜன்னல் சிறியதானால் என்ன, வெளியே தெருவே இருக்கிறதே என்பது போன்ற ஏற்பாடு.

ஆனால், அந்தப் பெட்டியின் உண்மையான புதுமை மென்பொருளில் இருந்தது. அதுவரை கணினி வாங்குகிறவர் எழுதுவதற்கு ஒரு மென்பொருள், கணக்குக்கு ஒன்று என்று தனித்தனியே பணம் கட்டினார். ஆஸ்போர்ன் இயந்திரத்தோடு வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் மொழி எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தார். மொத்த விலை 1,795 டாலர். அந்த மென்பொருள்களைத் தனியே வாங்கினால் அவற்றின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். மிகச் சிறந்தது வேண்டாம், வேலைக்குப் போதுமானது போதும். ஆனால் அது முழுமையாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் வீட்டுக் கல்யாணச் சீரில் அடுப்பு முதல் கரண்டி வரை வைத்துக் கொடுக்கிறோமே, அந்தப் பக்குவம் அது. போய் இறங்கிய அன்றே சமைக்கலாம்.

ஒரே ஒரு குறை. உள்ளே பேட்டரி கிடையாது. எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். ஆனால் போன இடத்தில் சுவரில் பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும். பேட்டரி வேண்டுமென்றால் தனியே வாங்கி வெளியே மாட்ட வேண்டும். இந்தக் குறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இது திரும்ப வரும்.

-----------------------------
பெட்டிக்குள் என்ன? ஆஸ்போர்ன் 1 (1981)

● எடை: சுமார் 11 கிலோ
● பிராசஸர்: ஸைலாக் இஸட்80, 4 மெகாஹெர்ட்ஸ்
● நினைவகம்: 64 கிலோபைட்
● திரை: 5 அங்குலம், ஒற்றை நிறம், 52 எழுத்து × 24 வரி
● சேமிப்பு: இரண்டு ஃபிளாப்பி டிரைவ்கள், ஒவ்வொரு ஃபிளாப்பியிலும் சுமார் 91 கிலோபைட்
● இயங்குதளம்: சிபி/எம்
● விலை: 1,795 டாலர் (அன்றைய மதிப்பில் 15,000 ரூபாய்க்குச் சற்று மேல்)

ஒரு கணக்கு: இன்றைய யூனிகோட் முறையில் ‘கோபாலபுரம்’ என்ற ஒரு சொல்லைச் சேமிக்க 30 பைட் தேவை. அந்த ஃபிளாப்பி ஒன்றில் இந்தச் சொல்லை ஏறக்குறைய 3,000 தடவை எழுதலாம். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே ஃபிளாப்பியில் அடங்கிவிடும். ஒரு செல்போன் புகைப்படம் அடங்காது.
-----------------------------

ஏறியதும் இறங்கியதும்

விற்பனை சூடுபிடித்தது. உச்சத்தில் ஒரே மாதத்தில் 10,000 இயந்திரங்கள் போயின. பத்திரிகையாளர்களும் கணக்கர்களும் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர்களும் வாங்கினார்கள்.

பிறகு சரிவு. 1982-ல் கேப்ரோ நிறுவனம் 1,595 டாலருக்கு ஒன்பது அங்குலத் திரையோடு ஒரு போட்டி இயந்திரத்தை இறக்கியது. 1983-ல் காம்பேக் போர்ட்டபிள் வந்தது. ஐபிஎம் கணினிக்கான மென்பொருள்கள் அதில் அப்படியே ஓடின. முதல் ஆண்டிலேயே 53,000 விற்றது. நெருக்கடியில் இருந்த ஆஸ்போர்ன் நிறுவனம், ‘எக்ஸிக்யூட்டிவ்’ என்ற அடுத்த மாடல் வரப்போகிறது என்று முன்கூட்டியே பேசத் தொடங்கியது. கடைக்காரர்கள் பழைய மாடலை வாங்குவதை நிறுத்தினார்கள். புதியது தயாராகும்வரை பணம் வரவில்லை. 1983 செப்டம்பர் 13 அன்று நிறுவனம் திவாலானது.

‘வரப்போவதைச் சொல்லி இருப்பதைக் கெடுப்பது’ என்ற தவறுக்கு நிர்வாகப் பாடங்களில் இன்றும் ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்றுதான் பெயர். இதில் எனக்கு வருத்தம் உண்டு. போட்டியாளர்களின் பெரிய திரையும், ஐபிஎம் பக்கம் சாய்ந்த சந்தையும் அந்தச் சரிவில் பெரும் பங்கு வகித்தன. மென்பொருளோடு சேர்த்து, வாங்கக்கூடிய விலையில், கையோடு கொண்டுபோகும் கணினி என்ற வழியைத் திறந்தவரின் பெயர், அவர் சறுக்கிய இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது நியாயமில்லை.

அதன்பின் ‘பேப்பர்பேக் சாஃப்ட்வேர்’ என்ற நிறுவனம் தொடங்கினார். புத்தக விலையில் மென்பொருள் என்பது அதன் நோக்கம். லோட்டஸ் நிறுவனம் தொடுத்த பதிப்புரிமை வழக்கில் 1990-ல் தீர்ப்பு எதிராக வந்தது. உடல்நலமும் குன்றியது. 1992-ல் இந்தியா திரும்பினார். 2003 மார்ச் 18 அன்று, 64-வது வயதில், சிறுவனாகப் பள்ளி சென்ற அதே கொடைக்கானலில் காலமானார்.

-----------------------------
கனம் குறைந்த கதை

● 1972: கணினி அறிஞர் ஆலன் கே ‘டைனாபுக்’ என்ற எண்ணத்தை விரித்து எழுதுகிறார். நோட்டுப் புத்தகம் போன்ற கணினி. யாருக்காக? குழந்தைகளுக்காக.
● 1975: ஐபிஎம் 5100. ‘எடுத்துச் செல்லலாம்’ என்றார்கள். எடை சுமார் 25 கிலோ.
● 1981: ஆஸ்போர்ன் 1. சுமார் 11 கிலோ.
● 1982: கிரிட் காம்பஸ். திரை மடிந்து கீபோர்டு மேல் மூடும் இன்றைய வடிவம். சுமார் 5 கிலோ. விலை 8,150 டாலர். விண்வெளி ஓடத்திலும் பறந்தது.
● 1985: தோஷிபா டி1100. பேட்டரியில் ஓடும் ஐபிஎம் வகை மடிக்கணினி.
● 1991: லித்தியம் அயன் பேட்டரி விற்பனைக்கு வருகிறது. மடிக்கணினி மெலியத் தொடங்குகிறது.
-----------------------------

கோபாலபுரம் பார்த்த இன்னொரு பயணம்

கணினி கைக்கு வந்துவிட்டது. மொழி? 1980-களின் நடுப்பகுதியில் கனடாவிலும் மலேசியாவிலும் இருந்த தமிழர்கள் ‘ஆதமி’, ‘முரசு’ போன்ற மென்பொருள்களால் கணினித் திரையில் தமிழைக் கொண்டுவந்தார்கள். ஆனால், ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் பூச்சி பூச்சியாகத் தெரிந்த காலம் பலருக்கு நினைவிருக்கும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அப்போது முதலமைச்சர் மு.கருணாநிதி. பல பத்தாண்டுகள் அரசியல் செய்திகளில் ‘கோபாலபுரம்’ என்றாலே அவருடைய வீடு என்றுதான் பொருள். அந்த மாநாட்டின் வழியே வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ‘பக்கம்’ என்று அடிக்க ப, க, க, ம, புள்ளி என ஐந்தே தட்டல்கள். க-வை இரண்டாம் முறை தட்டியதும் முதல் க-வின் தலையில் புள்ளி தானாக வந்து உட்காரும். தமிழின் இலக்கணம் தெரிந்தவர்கள் செய்த விசைப்பலகை அது. இந்தக் கட்டுரையை நான் அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்போர்ன் வேர்ட்ஸ்டாரைச் சேர்த்துக் கொடுத்ததற்கு இணையான காரியம் இது. மொழி சேராத கணினி, அடுப்பில்லாத சமையலறை.

பள்ளிப் பைக்குள் வந்த நாள்

கதீட்ரல் சாலைக்கு இந்தப் பக்கம் கோபாலபுரம், அந்தப் பக்கம் போயஸ் தோட்டம். மடிக்கணினிக் கதையின் அடுத்த அத்தியாயம் அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். போயஸ் தோட்டத்தில் வசித்த அப்போதைய முதல்வர் ஜெயலலிதா, திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆஸ்போர்ன் நிறுவனம் மூடி அன்றோடு 28 ஆண்டுகளும் இரண்டு நாளும் ஆகியிருந்தன. அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன.

குழந்தைகளுக்கான கணினி என்று ஆலன் கே தாளில் வரைந்ததும், வாங்கக்கூடிய முழுமையான பெட்டி என்று ஆஸ்போர்ன் விற்றதும், நம் ஊரில் ரேஷன் கார்டு போல வீட்டுக்கு வீடு நிஜமானது. இதை வெறும் இலவசம் என்று தள்ளுகிறவர்கள், 2020-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது, பிளஸ் டூ மாணவர்களின் அரசு மடிக்கணினிகளில்தான் வீடியோ பாடங்களை ஏற்றிக் கொடுத்தார்கள். இணையம் எட்டாத வீடுகளிலும் பாடம் ஓடியது.

ராயப்பேட்டைப் பக்கம் ஒற்றை அறை வீடு. அம்மா கோபாலபுரத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். மகள் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த மடிக்கணினி இன்னும் இருக்கிறது. அதில்தான் கல்லூரி புராஜெக்ட் செய்தாள், வேலைக்கு மனு போட்டாள். இப்போது கல்யாணமாகிப் போய்விட்டாள். மடிக்கணினி தம்பியிடம். மேலே ஒரு பழைய துப்பட்டா போர்த்தி, டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ‘ஏ’ விசையின் எழுத்து தேய்ந்து மறைந்துவிட்டது. ஒரு பக்க கீல் விட்டுப்போய், திரைக்குப் பின்னால் பாட நூல் ஒன்றை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

“நல்லாதான் இருக்குது சார். பேட்டரிதான் போச்சு. சொருவி வச்சாதான் ஓடும். கரண்ட்டு போனா அதுவும் பூடும்” என்றார் அம்மா.

எடுத்துச் செல்லலாம், ஆனால் சுவரை விட்டு நகர முடியாது. பேட்டரி செத்த மடிக்கணினி, 1981-க்கே திரும்பிப் போய்விடுகிறது. நாற்பது ஆண்டுகளாக உலகம் குறைத்துக் குறைத்துக் கொண்டுவந்த கனம், ஒரே ஒரு உதிரி பாகத்தால் வீணாகிவிடுகிறது.

ரிச்சி தெருவின் பதில்

அந்த இயந்திரத்தை வாங்கிக்கொண்டு, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டிருக்கும் மெக்கானிக் ஒருவர், பேச்சைக் கேட்பதற்கு முன்னாலேயே அதைக் கவிழ்த்துப்போட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றத் தொடங்கினார். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் காந்தத் தட்டில் அது வந்த வரிசையிலேயே வைத்தார். பேட்டரியை வெளியே எடுத்து மேசை மீது கிடத்தி, விரலால் லேசாகத் தடவினார். நடுவில் மெல்லிய புடைப்பு.

“எப்பவும் சார்ஜ்லயே போட்டு வச்சிருக்காங்க. நம்ம ஊர் சூடு வேற. இது செத்து ரொம்ப நாளாச்சு” என்றார். லித்தியம் பேட்டரியின் இயல்பு அது. சில நூறு முறை ஏற்றி இறக்கினாலே அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். முழுச் சார்ஜிலும் வெயிலிலும் கிடந்தால் இன்னும் சீக்கிரம்.

அவர் அதோடு விடவில்லை. “ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டா, இது இன்னும் மூணு வருஷம் ஜம்முன்னு ஓடும் சார். இந்தப் பழைய மாடல்ல எல்லாத்தையும் கழட்டி மாட்டலாம். இப்ப வர்ற ஒல்லி மெஷின்ல ரேமை போர்டுலயே ஒட்டிடறான். போச்சுன்னா போர்டையே மாத்தணும்.”

மேசை ஓரத்தில் நிற்கும்போதுதான் எனக்குத் தெளிவானது. கனம் குறையக் குறைய, பழுதுபார்க்கும் வழியும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மெலிந்த இயந்திரம் பணக்கார வீட்டில் பழுதானால் புதியது வரும். ஏழை வீட்டில் பழுதானால் பரணுக்குப் போகும். பிறகு காயலான் கடைக்கு. இன்று மாணவர்கள் வாங்கும் லட்சக்கணக்கான மடிக்கணினிகளுக்கும் இந்த நாள் வரும். அன்றைக்கு அதைக் கேட்க ஆள் இருக்க வேண்டும்.

கேட்பது பெரிதல்ல. கொள்முதல் ஒப்பந்தத்திலேயே மாற்று பேட்டரியின் விலையும் ஐந்தாண்டு கிடைப்பும் எழுதப்பட வேண்டும். ரேமும் சேமிப்பும் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். தாலுகாவுக்கு ஒரு ஐடிஐ-யிலோ பாலிடெக்னிக்கிலோ பழுதுபார்க்கும் மேசை ஒன்று வேண்டும். அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு அதுவே தொழிற்பயிற்சியும் ஆகும். ஆஸ்போர்ன் பெட்டிக்குள் மென்பொருளைச் சேர்த்துக் கொடுத்தார். நாம் பராமரிப்பைச் சேர்த்துக் கொடுப்போம். அப்போதுதான் அது முழுச் சீர்.

-----------------------------
உங்கள் வீட்டு மடிக்கணினிக்கு

● நாள் முழுக்க சார்ஜரில் போட்டே வைக்காதீர்கள். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.
● மெத்தை, தலையணை மீது வைத்து ஓட்டினால் காற்று போகும் துளை அடைபடும், சூடு ஏறும்.
● பேட்டரி புடைத்தால் உடனே நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. வீட்டுக் குப்பையில் போடக் கூடாது.
● பழைய இயந்திரம் மெதுவாக ஓடினால், தூக்கிப்போடுவதற்கு முன் எஸ்எஸ்டி, ரேம் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.
● 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, கழிவை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.
-----------------------------

வாசற்படி

மூன்றாம் நாள் மாலை புது பேட்டரியோடு அந்த வீட்டுக்குப் போனேன். பையன் வழக்கம்போல் டிவி பக்கத்துப் பிளக்கில் சொருகி ஆன் செய்தான். “வயரை எடுத்துடு” என்றேன். தயங்கினான். அம்மாவைப் பார்த்தான். பிறகு மெதுவாகப் பிடுங்கினான். திரை அணையவில்லை.

உள்ளே புழுக்கம். மடிக்கணினியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, காற்று வரும் வாசற்படிக்குப் போய் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டான்.